எல்லோரோடும் சேர்ந்து பதினைந்து சதவீதம்

ஒரு கம்பெனி அடுத்த வருஷம் எவ்வளவு லாபம் பண்ணும் என்று அதன் முதலாளிக்கே தெரியாது; அதைச் சொல்லத்தான் ஹைதராபாத்தில் ஒரு பங்குத் தரகு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. என்னைப் போல எக்செல்லோடு மாரடிக்கும் சக அனலிஸ்டுகளே, நீங்களாவது கேளுங்கள். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பாஸ் மார்க்

வருஷ ஆரம்பத்தில் எந்தக் கம்பெனியானாலும் லாபம் பதினைந்து சதவீதம் வளரும் என்று எழுதுவோம். பத்து என்றால் வாடிக்கையாளருக்கு முகம் சுருங்கும், இருபது என்றால் சிரிப்பார்கள். அப்புறம் காலாண்டுக்குக் காலாண்டு சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வருவோம். கடைசியில் லாபம் அதைவிடத் துளி மேலே வந்துவிட்டால், 'எதிர்பார்ப்பை மிஞ்சியது' என்று தலைப்பு! இதை வீட்டில் பெருமையாக விளக்கினேன். காலேஜில் படிக்கும் என் பெண் தமிழில் பதில் சொல்வதே அபூர்வம். அன்றைக்குச் சொன்னாள்:

"ஏம்ப்பா, எக்ஸாமுக்கு முந்தின நாள் பாஸ் மார்க்கைக் குறைச்சுட்டு, பாஸாயிட்டேன்னு ஸ்வீட் கொடுக்கறீங்களா?"

தார்ப்பாய்

நாச்சாரத்தில் ஒரு பம்பு கம்பெனி. அதற்கும் பதினைந்துதான் போட்டிருந்தேன். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூப்பிட்டார்கள், போனேன். சமோசா கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். பாதி மெஷின்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன. விற்காத பம்புகள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. "ஆர்டர் இல்லையா?" என்று கேட்டேன். கூட வந்த அதிகாரி என் தோளில் கை போட்டார்.

"டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேண்டாம் சார். வளர்ச்சிக்கு முன்னாடி மெஷினும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணுமில்ல?"

தனி ஆள்

ஆபீசுக்கு வந்த கையோடு, லாபம் வளராது, குறையும் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். 'விற்றுவிடுங்கள்' என்றும் போட்டேன். மேலதிகாரி ஒப்புதல் தராமல் ரிப்போர்ட் வெளியே போகாது. அவர் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாக வரும். மற்ற தரகு நிறுவனங்கள் என்ன போட்டிருக்கின்றன என்று பார்த்தார். எல்லோரும் பதினைந்து. ரிசல்ட் வரட்டும் என்று என் ரிப்போர்ட்டை அப்படியே நிறுத்தி வைத்தார். "சார், நான் கண்ணால பார்த்தேன் சார்!" என்று கெஞ்சினேன்.

"தனியா சரியா இருக்காதே பாபு. எல்லாரோடயும் சேர்ந்து தப்பா இரு, உத்தியோகம் நிக்கும்."

போலாரத்தில் சாப்பாடு

என் அத்திம்பேர் ராணுவத் தளவாட ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். போலாரத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, மாசக்கணக்காகக் கீழே இறங்கவில்லை. லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டாக ஹப்சிகுடாவில் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கான ரிடையர்மென்ட் பணத்தில் பெரும்பங்கு, கர்மம், அதே பம்பு கம்பெனியின் ஷேரில்!

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். ரிப்போர்ட் வெளியாகும் முன் சொந்தக்காரர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். மீறினால் வேலை போகும், வழக்கும் வரும். ரசம் சாதத்தின்போது, பம்பு கம்பெனி எப்படிடா என்று அத்திம்பேர் கேட்டார். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாது அத்திம்பேர்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியாடி? நல்ல சேதியா இருக்கறதாலதான் வாயைத் திறக்க மாட்டேங்கறான்!"

மறுநாள்

ரிசல்ட் வந்தது. லாபம் பாதியாகியிருந்தது. வாங்க ஆளில்லாமல் பங்கு விலை சரிந்தது. மறுநாள் எல்லாத் தரகு நிறுவனங்களும் தங்கள் கணிப்பைக் குறைத்தன. எங்கள் மேலதிகாரியும் என் ரிப்போர்ட்டை ஒரு வார்த்தை மாற்றாமல் வெளியிட்டார். 'விற்றுவிடுங்கள்'. அடப்பாவிகளா, இனி எதை விற்பது?

சாயங்காலம் அத்திம்பேர் போன் பண்ணினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். ஃபிளாட்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"தம்பி இருந்தும் இப்படி ஆயிடுத்தேன்னு உங்கக்கா அழறாடா. நான்தான் சமாதானம் பண்ணினேன், பாவம், அவனுக்கே தெரியாதுடீன்னு."

அடுத்த வருஷம் அந்தப் பம்பு கம்பெனியின் லாபம் பதினைந்து சதவீதம் வளரும் என்று இன்று காலையில்தான், எல்லோரோடும் சேர்ந்து, எழுதிக் கொடுத்திருக்கிறேன்.