கழிப்பறை கேட்டவளுக்குத் தையல் மெஷின்

பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போன காலத்தில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதைத் தைக்கும் பிரிவில் எனக்கு நல்ல பெயர். நான் திருநங்கை என்று வாய்விட்டுச் சொல்லி, சுடிதாரில் வேலைக்குப் போன அன்றும் தைத்தது அதே கைதான். ஆனால் மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்க ஒரே கேள்வி: இவள் எந்தக் கழிப்பறைக்குப் போவாள்? ஆண்கள் பக்கம் போனால் விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கம் போனால் புகார் கொடுத்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பக்கத்து மெஷினில் உருது பேசும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி ஆபா என்று கூப்பிடுவேன். அவள் மட்டும் என்னோடு எழுந்து வந்து, பெண்கள் கழிப்பறை வாசலில் நிற்பாள். யாராவது முணுமுணுத்தால் உருதுவில் திட்டுவாள். அவள் மேலும் புகார் போயிற்று, கூப்பிட்டு எச்சரித்தார்கள். புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறவள். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். கடைசியில் அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர், தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எச்.ஆர். மேடம் கெட்டவர் இல்லை. கேன்டீனுக்குப் பின்னால் தனியாக ஒரு கழிப்பறை கட்டிவிடலாம், நகராட்சிக்குப் பிளான் அனுப்பியாயிற்று என்றார். அதுவரைக்கும் சம்பளமில்லாத லீவில் இருக்கச் சொன்னார்.

"கையெழுத்து வந்தா மறுநாளே செங்கல் இறக்கிடுவோம். உங்க எடம் உங்களுக்குத்தான்."

அதை நம்பி நகராட்சி அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். திட்டம், நிதி, விழா எதுவும் நான் கேட்கவில்லை. கம்பெனி தன் காசில் தன் இடத்தில் கட்டப்போகிறது, நகராட்சி பேனாவைத் திறந்தால் போதும். திருநங்கைகளுக்கு அதைச் செய், இதைச் செய் என்று மேலிருந்து எத்தனை உத்தரவு வந்தாலும், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதைதான். இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார், சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். அந்த அலுவலகத்திலும் கழிப்பறைக் கதவில் ஆண், பெண் இரண்டு படம்தான்.

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் ஒரு அம்மா. பேருக்குத்தான் அந்த அம்மா. வெள்ளைச் சட்டையில் வந்து ரோடு, குழாய் எல்லாம் பார்ப்பவர் அவர் புருஷன். அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"இன்னாம்மா, இதுக்குப் போய் பேஜார் ஆவற? கமிஷனர் காதுல போட்டுட்டேன். நீ கேட்டதுக்கு ஜாஸ்தியாவே நடக்கும்" என்றார்.

நடந்தது. அடுத்த வாரம் அவரே போன் செய்து, நல்லதாக ஒரு சேலை கட்டிக்கொண்டு நகராட்சி மண்டபத்துக்கு வரச் சொன்னார். கையெழுத்துதான் என்று நினைத்து, ஆபாவுக்குக்கூட சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனேன். மேடையில் வரிசையாகத் தையல் மெஷின்கள், ஒவ்வொன்றிலும் கலர் ரிப்பன். வீட்டுக்கு வீடு ஒருத்தி ஷூ தைக்கப் போகிற ஊரில், திருநங்கைகளான எங்களுக்கு வாழ்வளிக்க யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவும் துணி தைக்கிற மெஷின். தோலை வைத்தால் ஊசி உடையும்.

என் முறை வந்தது. கமிஷனர் மெஷின் மேல் ஒரு கை வைத்தார், நான் ஒரு கை வைத்தேன். குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "சார், எனக்கு மெஷின் வேணாம். அந்த கம்பெனி பாத்ரூம் பிளான்ல மட்டும் கையெழுத்து போடுங்க சார்."

அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே, "சிரிங்கம்மா" என்றார்.

சிரித்துத் தொலைத்தேன். மறுநாள் பேப்பரில் முகமெல்லாம் பல்லாக நான் இருந்தேன். திருநங்கையர் வாழ்வில் ஒளி என்று மேலே போட்டிருந்தார்கள்.

அந்த வாரமே எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். சேதி நல்லதாக இருக்கும் என்று பஸ் பிடித்துப் போனேன். மேஜை மேல் அந்தப் பேப்பர் கிடந்தது. உண்மையான சந்தோஷத்தோடுதான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சொந்தத் தொழில் அமைந்துவிட்டதால் என் மெஷினுக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். கழிப்பறை இனித் தேவையில்லை என்று நகராட்சிக்கும் எழுதிவிட்டார்களாம். எனக்கு நகராட்சி கொடுத்த மெஷினே வேண்டாம் மேடம், இந்த வேலைதான் வேண்டும் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"கவர்மென்டே ஒரு வழி காட்டியிருக்கு. இனிமே எதுக்கு இங்க வந்து கஷ்டப்படணும்?" என்றவர், நான் எழுந்திருக்கும்போது பையிலிருந்து இரண்டு பிளவுஸ் துணியை எடுத்து நீட்டினார். "மொத கஸ்டமர் நான்தான். தெச்சுத் தர்றீங்களா?"

வீட்டில் அரிசி இல்லை. துணியை வாங்கிக்கொண்டு வந்தேன். அழுகையும் ஆத்திரமுமாக உட்கார்ந்து இரண்டையும் தைத்தேன். கோணலாகத் தைக்கத்தான் ஆசை. கை கேட்கவில்லை, நன்றாகவே வந்துவிட்டது.