சவரிமுத்து அண்ணன் பெருமை பேசாத மரம்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ரீட்டா தொலைபேசியில் அழைத்தார்.

“டீச்சர், அப்பா தவறிட்டாரு.”

“எந்த மரம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ரீட்டா அழுகைக்கு நடுவிலே சிரித்துவிட்டார். “மரம் இல்ல டீச்சர். மத்தியானம் சாப்பிட்டாரு, கட்டில்ல சாஞ்சாரு, அவ்ளோதான். எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க.”

கேட்காமல் என்ன செய்வார்கள்? பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த சவரிமுத்து அண்ணன் நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். தீவிலும் சரி, கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலும் சரி, பட்டுப்போன மரம் ஒன்று கூரையைப் பார்த்துச் சாய்ந்தால் ஆட்கள் அவரைத்தான் தேடுவார்கள். மேலே அவர் ஏறுவார், கீழே மகள் ரீட்டா கயிறு பிடிப்பார். “மரம் ஏறுறவன் மரத்துலதான் போவான்” என்று உறவினர்கள் அவர் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுத் தம் சொந்தக் கட்டிலில் கண்மூடியிருக்கிறார். எனக்கு அதில் துக்கத்தைவிடக் கர்வம்தான் அதிகம் என்றால் தவறாக நினைக்காதீர்கள்.

அண்ணனுக்குத் தற்பெருமை உண்டு. இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. “நாப்பது வருஷம் லா டீச்சர், கீழ நிக்கிற ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்ல. எனக்கு மட்டும்தான் இந்த விரல்” என்று பாதி போன சுண்டுவிரலைப் பதக்கம் போல நீட்டிக் காட்டுவார். வெட்டிய மரங்களின் படங்கள் கைப்பேசி நிறைய இருக்கும். காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் அகப்பட்டால் போதும், காப்பி ஆறிவிடும். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு மரத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த மரம் என்னுடையது. எனவே அதைச் சொல்லும் பொறுப்பும் என்னுடையது.

பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம் ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், என் கணவர் விட்டுச்சென்ற சிறிய டுரியான் பழத்தோட்டம் இருக்கிறது. நான் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்தில் பிறந்து, பள்ளிக்கூடமே கதியென்று கிடந்தவள். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே ஐந்து மரங்கள் இலை பழுத்துக் கொட்டத் தொடங்கின. அடிமரப் பட்டை வெடித்துப் பழுப்பாக நீர் வடிந்தது. வேர் அழுகிவிட்டது, பிழைக்காது, வெட்டிவிடுங்கள் என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். எந்தெந்த மரம் என்று வெட்ட வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அடையாளம் வைக்கச் சாயம் வாங்கச் சோம்பல்பட்டு, பழைய மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்து ஐந்து மரங்களிலும் கட்டிவிட்டு வந்தேன்.

தமிழ்ப் பெண்ணாகப் பிறந்தவள் செய்யக்கூடிய காரியமா அது? இரண்டு வாரம் கழித்துப் போனால், வேலியோரத்து மரத்துக்குக் குங்குமம் வைத்திருக்கிறது, அடியில் எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, அகல்விளக்கு. என் சேலைத் துணிக்கு அம்மன் வந்துவிட்டாள்!

விளக்கேற்றியவர் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்த பாக்கியம் அக்கா. ஓராண்டாக வேலையில்லாமல் இருந்த அவருடைய மகனுக்கு, முதல் விளக்கு ஏற்றிய அதே வாரம் கூலிமில் தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டதாம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த மரம் சாய்ந்திருந்ததே அவருடைய தகரக் கூரையின் மேல்தான். அவர் படுக்கும் பின்னறை சரியாக அதன் கீழே இருந்தது.

வெட்ட வந்த இரண்டு கூட்டத்தார் துணியைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். “சாமி மரம் டீச்சர், நமக்கு எதுக்கு வம்பு லா” என்றார்கள். மூன்றாவதாக யாரோ சவரிமுத்து அண்ணனின் எண்ணைக் கொடுத்து, “மாதா கோயிலுக்குப் போறவரு, பயப்பட மாட்டாரு” என்றார்கள்.

தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை மரம், எவ்வளவு உயரம் என்பதல்ல. “கீழ யாரு இருக்காங்க டீச்சர்?” என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே லாரியோடு வந்து நின்றார். வேலியோரத்து மரத்தை நெருங்கியதும் காலணிகளைக் கழற்றினார். “நீங்க மாதா கோயில் ஆளாச்சே?” என்றேன்.

“அதுக்கென்ன? அந்தக்கா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க இல்ல.”

பாராங் கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டித் தட்டிச் சுற்றிவந்தார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போய், “உள்ள காலி டீச்சர். பெரிய காத்து ஒண்ணு அடிச்சா நேரா அந்த ரூமு மேலதான்” என்று மெதுவாகச் சொன்னார்.

மற்ற நான்கு மரங்களை இரண்டே நாளில் இறக்கிவிட்டார். ஐந்தாவதைத் தொடவில்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. மாலையானால் மலைப்பக்கமிருந்து காற்று வரும், நான் அந்தத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பொறுக்கமாட்டாமல் நானே வேலியோரம் போய் உண்மையைச் சொன்னேன். “அக்கா, அது சாமி துணி இல்ல. என்னோட பழைய சேல.”

பாக்கியம் அக்கா அசரவில்லை. “சரிதான் டீச்சர். ஒங்க கையால கட்ட வச்சது யாரு?”

முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். அந்த வாதத்தை அப்படியே விட்டுவிட்டு, மழை விடும்வரை முன்னறையிலாவது படுங்கள் என்று கெஞ்சினேன். “அம்மா மடியில படுக்க எனக்கென்ன பயம்?” என்று முடித்துவிட்டார். “என் நிலம், என் மரம், நீங்க வெட்டுங்க” என்று நான் அண்ணனிடம் சீறினேன். “நீங்க பினாங்குக்குப் போயிருவீங்க டீச்சர். அந்தக்கா இங்கதான் இருக்கணும்” என்றார் அவர்.

அன்று மதியம் அவர் லாரியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். அம்மன் கோயில் பூசாரியைப் பிடித்து, மரத்தில் இருக்கும் சாமியை எப்படி இறக்குவது என்று கேட்டு வந்தார். வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, கோயில் கட்டுறப்ப சாமிய கலசத்துல எறக்கி வேற எடத்துல வைப்பாங்களாமே?”

“ஆமா.”

“இந்த மரத்துக்கு வயசாயிருச்சு. அம்மா பாவம், இதுல எத்தன நாளைக்கு நிப்பாங்க? நீங்க கூப்பிட்டா ஒங்க வீட்டுக்குள்ள வரமாட்டாங்களா?”

பாக்கியம் அக்கா மரத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். “வெள்ளிக்கெழம கூப்புடுறேன்” என்றார். “அதுவரைக்கும் நீ கவுச்சி தொடக்கூடாது தம்பி.”

அண்ணன் தொடவில்லை. மூன்று நாளும் வெறும் சாம்பார்தான் என்று ரீட்டா பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த மூன்று நாளும் மாலைக் காற்று நிற்கும்வரை அப்பாவும் மகளும் லாரியிலேயே காத்திருந்தார்கள். காற்றில் மரம் சாய்ந்தால் ஓடிப்போய் அக்காவை வெளியே இழுக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் அக்கா செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையுமாக வந்தார். கற்பூரம் காட்டி, அழைத்து, செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து துணியைத் தம் கையாலேயே அவிழ்த்தார். “இப்ப வெட்டுப்பா.”

உளுத்த மரத்தில் உடம்பைக் கட்டி ஏற முடியாது. பக்கத்தில் திடமாக நின்ற பெத்தாய் மரத்தில் ஏறி, அதிலிருந்து கயிற்றில் தொங்கியபடி, அண்ணன் அந்த டுரியானைத் துண்டு துண்டாக அறுத்தார். ஒவ்வொரு துண்டையும் ரீட்டா தூங்குகிற குழந்தையை இறக்குவது போல் இறக்கினார். தகரத்தில் ஒரு சுள்ளிகூட விழவில்லை. கடைசியில் அடிமரத்தை அறுத்தபோது உள்ளே மரமே இல்லை. ஈரத் தூளும் எறும்பும்தான். என் கை அப்படியே உள்ளே போயிற்று.

எனக்கு ஆத்திரமும் வெற்றியும் சேர்ந்து வந்தன. “அக்கா, இங்க வந்து பாருங்க!” என்று கூப்பிட வாயெடுத்தேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

“வேணாம் டீச்சர். காட்டுனா அது அவங்க சாமியப் பழிக்கிற மாதிரி ஆயிரும்.”

சொல்லிவிட்டு, அந்த ஓட்டை வேலிப்பக்கமிருந்து தெரியாதபடி அறுத்த கிளைகளை அதன்மேல் போட்டு மூடினார். படமும் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. ரீட்டா சொல்லித்தான் வந்திருப்பார், பாக்கியம் அக்கா பஸ் ஏறி, ஃபெரிப் படகில் கடல் தாண்டி, மறுபடி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு சாயங்காலம் நீங்கள்லாம் போனப்புறம், அந்தக் கெளய வெலக்கிப் பாத்தேம்மா. கைய விட்டேன். முழங்கை வரைக்கும் போச்சு. அங்கயே ஒக்காந்துட்டேன்.”

ரீட்டா அவரை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

“ஒங்கப்பா எல்லாம் தெரிஞ்சவரு. ‘பாத்தியா அக்கா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கு ராத்திரி வீட்டுல நான் அம்மாவுக்கு வெளக்கேத்தியிருக்க மாட்டேன். சொல்லல. என் உசுரையும் காப்பாத்திக் குடுத்தாரு, சாமியையும் காப்பாத்திக் குடுத்தாரு.”

பிறகு பெட்டியருகே குனிந்து, செபமாலையோடு சேர்த்து அவருடைய இரண்டு கைகளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சவரிமுத்து அண்ணே, இதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. இனி நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.