கிடாரத்துக்குள் வைத்த கணினி

எங்கள் வீட்டுப் பெரிய கிடாரத்துக்குள் ஒரு முறை சோற்றுக்குப் பதிலாக மடிக்கணினி இருந்தது. தலையணை உறையில் சுற்றி உள்ளே இறக்கி, மூடியைப் போட்டு, மூடிக்கு மேல் அம்மிக்குழவியையும் ஏற்றி வைத்தாள் என் மருமகள். கண்டிப் பக்கத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்ட வாரம் அது. சந்தியில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த புகை அலவத்துகொடையில் எங்கள் முற்றம் வரை வந்தது. மற்ற வீடுகளில் நகையை ஒளித்தார்கள். இவள் இதை ஒளித்தாள்.

நான் படித்தவள் இல்லை. குர்ஆன் ஓதுவேன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஊரில் எந்தக் கலியாணம், கந்தூரி என்றாலும் கிடாரமும், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகளும் எங்கள் வீட்டிலிருந்துதான் இரவலாகப் போகும். எது எந்த வீட்டில் இருக்கிறது என்பதை ஒரு தாளிலும் எழுதாமல் தலைக்குள்ளேயே வைத்திருப்பவள் நான்.

மகன் கட்டாரில் இருந்தான். மருமகள் ரஸ்ட் என்ற கணினி மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று, அந்த மொழியில் ஒரு வேலையைச் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வீட்டிலிருந்தபடியே உத்தியோகம். படித்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் விளங்கும் என்று, நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுச் சொல்லுவாள்.

“ஒரு சாமானுக்கு ஒரு சொந்தக்காரர்தான் மாமி. குடுத்திட்டா அது அவங்கட, பொறகு நாங்க தொட ஏலா. இரவல் குடுத்தா அது எங்கடதான். சும்மா பாக்கிறதெண்டா எத்தின பேரும் பாக்கலாம். ஆனா ஒராள் அதை மாத்த எடுத்தா, முடிக்கிற வரைக்கும் வேற ஒத்தரும் பாக்கவும் ஏலா.”

“இதுக்கா இங்கிலீசுப் புத்தகம்? சோறு வேகக்குள்ள கிடாரத்த அடுத்த ஊட்டுக்குக் குடுப்பனா நான்?” என்றேன். சிரித்துச் சிரித்தே அவளுக்குக் கண்ணீர் வந்தது.

எழுதியதைச் சரிபார்க்கிற ஒருவன் அந்த மொழிக்கு உண்டு; ஆள் இல்லை, அதுவும் ஒரு நிரல்தான். பிழை இருந்தால் ஓடவே விடமாட்டான். எந்த வரி பிழை என்று சிவப்பில் காட்டுவான். சிவப்புக்காரன் என்று நான் பெயர் வைத்தேன். அவன் வாயை அடைக்க மருமகள் ஒரு குறுக்கு வழி பிடித்தாள். கேட்ட இடத்துக்கெல்லாம் சாமானைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு போனது. ஆனால் ஒரு பிரதியில் மாற்றியது மற்றதில் இல்லை, விடை பிழைத்தது.

“ஊட்டுக்கொரு கிடாரம் செஞ்சி குடுத்தீக்காய். எதில உப்புப் போட்ட எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவ்வளவையும் அழித்தாள். அன்று பின்னேரம்தான் புகை எழுந்தது. ஊரடங்கு போட்டார்கள், இணையத்தையும் வெட்டினார்கள். கணினி கிடாரத்துக்குள் போனது.

மறுநாள் ஊரடங்கு கொஞ்ச நேரம் தளர்ந்தபோது கலகெதரவிலிருந்து என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, வேனில் வந்து இறங்கினார்.

“தங்கச்சி, மருமகளையும் கூட்டிக்கொண்டு ஏறு. அந்த மெஷின ஒளிச்சி வெக்க எண்ட கையில தா. ஊரு எரியுது, ஒங்களுக்குப் பாடமா?”

நான் குழவியை இறக்கினேன். மூடியைத் திறந்து, கணினியை எடுத்து மேசையில் வைத்தேன். “இருந்து எழுது மகள்.”

“நெட் இல்லியே மாமி.”

“சிவப்புக்காரனுக்கு நெட் வேணுமா?”

வேண்டியதில்லை. அவனும் பாடப் புத்தகமும் மெஷினுக்குள்ளேயே இருந்தார்கள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். நானா கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

“கை வெக்காதீங்க நானா. இப்ப பாக்கவும் ஏலா. அவள் மாத்திக்கொண்டு ஈக்காள்,” என்றேன். “கடைய அவங்க எரிச்சாங்க. இதையும் எங்கட கையாலயே மூடி வெக்கவா?”

நானா என்னை முறைத்தார். பிறகு ஒரு கதிரையைத் தூக்கிப்போய், வாசலில் பாதையைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊரடங்கு மறுபடி வந்தும் அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சிவப்பு முழுக்கப் போய்விட்டது. இணையம் மட்டும் வரவில்லை. பாதை திறந்ததும் நானாவே வேனை எடுத்தார். கலகெதர தாண்டிக் குருநாகல் பக்கமாக ஓட்டினார். எரிந்த கடைகளைக் கடக்கும்போது மருமகள் தலையைக் குனியவில்லை. மடியில் கணினியை விரித்தே வைத்திருந்தாள். பெற்றோல் அடிக்கிற செட் ஒன்றுக்கு முன்னால் இணையம் கிடைத்தது. அனுப்பினாள். வேலையும் கிடைத்தது.

இன்றும் அதே மேசையில்தான் அவள் வேலை செய்கிறாள். நானா வந்தால், “பாக்கலாமா, மாத்திக்கொண்டா ஈக்காள்?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். இடையிடையே ஊரில் ஏதாவது கதை கிளம்பும்; எதையாவது ஒளித்து வைக்கும்படி யாராவது வந்து சொல்வார்கள். நான் அவர்களைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கிடாரத்தைத் திறந்து காட்டுவேன். அது சோறாக்க. கேட்டால் இரவல் தருவேன். ஒளித்து வைக்கத் தரமாட்டேன்.