ஆடாதோடை வேலி

பங்குனி மாதத்தில் கிளுவை வேலிக்கு இலை இருக்காது. வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டைச் சுற்றி நின்றது கிளுவைதான். அந்த வெயில் காலத்தில் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையால் போகிறவர்களுக்கு எங்கள் முற்றம் முழுவதும் தெரியும். என்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் வாகனத்தை நிறுத்தியபோது அதன் புகைக்குழாய் வெடித்ததுபோல ஒரு சத்தம் போட்டது. முற்றத்தில் நின்ற சின்னையா உடனே மண்ணில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார். சின்னையா என் அப்பாவின் தம்பி. போர் முடிந்து முகாமிலிருந்து வந்த நாள் முதல் பெரிய சத்தம் கேட்டால் அப்படித்தான். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. "குடும்பத்திலை மூளைக் குழப்பம், விசர் இருக்கெண்டு நினைக்கினம்" என்று தரகர் அப்பாவிடம் சொன்னது மட்டும் அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. எப்போதும் பச்சையாக நிற்கும் வேலி வேண்டும் என்று அந்தக் கிழமையே கேட்டவள் நான்தான்.

எதை நடுவது என்று நானும் அம்மாவும் நெடுக யோசித்தோம். செவ்வரத்தை ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். ஆனால் ஒழுங்கையில் மேயும் ஆடுகள் முதலில் அதைத்தான் கடிக்கும். அலரியை ஆடு தீண்டாது, வெயிலையும் தாங்கும், பூவும் ஓயாது. அம்மா சின்னையாவைக் காட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அது முழுக்க நஞ்சு. உவர் யோசினையிலை எந்த இலையையும் பிடுங்கிச் சப்புறவர்." குரோட்டன் வளர்ந்து மறைக்க ஆண்டுகள் எடுக்கும். கடைசியில் ஆடாதோடை என்று முடிவாயிற்று. கசப்புக்குப் பயந்து ஆடுகள் கிட்ட வராது. தடியை வெட்டி ஊன்றினாலே பிடிக்கும். தண்ணீர் கிடைத்தால் கோடையிலும் அகன்ற இலை வாடாது. இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளிக்கு நேரே மற்றது வரும்படி நட்டோம். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடவேண்டும். இல்லாவிட்டால் மேலே மட்டும் சடைத்து அடி வெளித்துப்போகும். எனக்கு அடிதான் முக்கியம். சின்னையா படுப்பது நிலத்தில் அல்லவா?

தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் சின்னையாதான். யாரும் சொல்லாமலே கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். துளிர் கண்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பிள்ளை, உது பிடிச்சிட்டுது." பெரிய கத்தரிக்கோலால் வேலியை வெட்டி ஒழுங்காக்கும் நேரத்தில் அவர் தனக்குள் கதைப்பதில்லை. எதற்காக இந்த வேலி என்று அவர் கேட்டதும் இல்லை. அவருக்கு விளங்காது என்றே நினைத்திருந்தேன்.

வேலி நெஞ்சளவுக்கு அடர்ந்து நின்ற காலத்தில் கொழும்புத்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து அவர்களை வழியனுப்பப் படலையடிக்கு வந்தோம். பின்வளவில் இருக்கச் சொல்லியிருந்த சின்னையா, தோய்த்த வெள்ளைச் சட்டையோடு ஒழுங்கையில் நின்று வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு வேலி வடிவாகத் தெரியவேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நல்ல வடிவான வேலி. ஆர் உவர்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "வேலி வெட்ட வந்த ஆள்" என்றார்.

சின்னையாவின் கை நின்றது. அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓம் அம்மா, வேலி வெட்டத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கத்தரிக்கோல் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஓர் இலையும் விழவில்லை.

என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அதன் பிறகும், என் கணவரோடு நான் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போய்விடுவார். நாங்கள் திரும்பிய பின்தான் சாப்பிடுவாராம். "என்ன அண்ணை, சுகமோ?" என்று கணவர் கேட்டால் வெளியாளைப்போலத் தலையாட்டுவார். அவரை அப்படி நிற்கவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்காமலே அப்பா இறந்துபோனார்.

இந்தத் தைப்பொங்கலுக்குப் போகும் வழியில், மனம் தாங்காமல், சின்னையா யார் என்பதைக் கணவரிடம் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார்.

"எனக்கு முதல் நாளே தெரியும். அவருக்கு உம்மடை அப்பாவின்ரை முகம் அப்பிடியே."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

வீட்டை அடைந்ததும் அவர் நேரே வேலியடிக்குப் போய், "மாமா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டார். சின்னையா பதறிப்போய் என்னைப் பார்த்தார். கிட்ட வந்து, கணவருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்:

"சொல்லிப் போட்டியோ, பிள்ளை? இனி உன்னைத் திருப்பி அனுப்பமாட்டினம்தானே?"

இத்தனை காலமும் அவர் ஒழுங்கையில் நின்றது அந்தப் பயத்தில்தான். இல்லையென்று தலையாட்டினேன். அவர் கை கால் கழுவி வந்து என் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, இலையை மட்டும் பார்த்தபடி சோற்றைப் போட்டுக்கொண்டே நின்றேன்.

"காணும், பிள்ளை" என்று இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார் சின்னையா. "காணும்."