கார்புரேட்டர் கட்சிக்காரர்

அந்த ஞாயிறு காலை, செந்துறைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மண்தடத்தில் காரோடு காத்திருந்தேன். மாணிக்கம் சாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவர் மனைவி வசந்தா.

"அண்ணே, அவரு வரமாட்டாருங்க."

"இந்த வாரம் என்ன காரணம்மா?" என்று கேட்டேன். விடிகாலையில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டதை அதன் பிறகுதான் அந்தம்மாவால் சொல்ல முடிந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு என் கேள்வி விளங்கும். பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறையில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. ஒரே மாதிரியான பழைய கார்களை ஆளுக்கொன்று வாங்கி, வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தினோம். என்னுடையதில் இன்ஜெக்‌ஷன்: எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதைச் சென்சார்களைக் கேட்டு ஒரு சிறிய கணினி முடிவு செய்யும். அவருடையதில் இரட்டைக் கார்புரேட்டர்: காற்று உறிஞ்சுகிற அளவுக்குப் பெட்ரோல் வரும், மீதியை மாணிக்கம் சார் திருப்புளியால் முடிவு செய்வார். "ஒங்க வண்டிக்குத் தனியா ஒரு மூளை வாங்கி வச்சிருக்கீங்க. எனக்கு என் மூளையே போதுங்க" என்பார்.

வளைவில் வேகமாகத் திரும்பினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் திணறும். இன்ஜெக்‌ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதை அவரைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் வரைந்தவர் இல்லை. ஒருநாள் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, மாலையில் என்னைத் தன் காரில் அழைத்துப் போனார். முதல் வளைவிலேயே எஞ்சின் திணறியது. காலையில் நடத்திய பாடத்தை நினைவூட்டினேன்.

"அது பரீட்சைக்குங்க. இது யோசிக்குது."

இந்தப் பதிலை எழுதிய மாணவனுக்கு அவர் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்.

கடைசியில் அந்தச் சுரங்கத் தடத்தில் ஒரு கார்ப் பந்தயம் பேசினோம். தோற்றவர் தன் காரை வென்றவரின் முறைக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு அவர் நாள் கடத்தத் தொடங்கினார். சித்திரையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுமாம். ஐப்பசியில் காற்றில் ஈரமாம். மார்கழியில் எஞ்சின் சுணங்குமாம். பருவம் பார்த்து ஓடுகிற எஞ்சின் எப்படி மேலானது என்று கேட்டால், "நல்ல காரியம் எல்லாமே நாள் பார்த்துத்தான செய்றோம்?" என்றார். என் வாதத்துக்கு அவரே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். தீர்ப்பை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தவரும் அவர்தான். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

செய்தி கேட்டுக் கிளம்பினேன். அரியலூரை நெருங்கும்போது சிமெண்ட் லாரிகளின் புழுதியில் என் காரின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏதோ ஒரு சென்சார் மனம் மாறியிருந்தது. கணினி வேகத்தைக் குறைத்தது, பிறகு எஞ்சினையே நிறுத்திவிட்டது. திருப்புளிக்கு அங்கே வேலையில்லை. காரை ஓரம் கட்டிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் கார்புரேட்டர் கார், பந்தயத்துக்குப் புறப்படத் தெருவைப் பார்த்து நின்றது. அழுதுகொண்டிருந்த வசந்தா நிமிர்ந்து பார்த்தார்.

"பஸ்லயாண்ணே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அவரு இருந்திருந்தா..." என்று தொடங்கியவர், வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

சென்சார் மாற்றியாகிவிட்டது. கார் குறை சொல்ல இடமில்லாமல் ஓடுகிறது. இன்ஜெக்‌ஷன்தான் மேல் என்று இப்போதும் சொல்கிறேன். மறுத்துப் பேச ஆளில்லாததால் அது முன்பைவிட வலுவிழந்து ஒலிக்கிறது. மாணிக்கம் சாருடையதாக என்னிடம் இருப்பது ஒன்றுதான்: நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து அவர் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு.