தொண்ணூற்றாறு படிகள்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்தில் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக, நான் விட்ட பிழை ஒன்றை எழுதுகிறேன்.

அன்று வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை விமானம் ஏறவிருந்த யோகன் அண்ணையின் பயணக் கடதாசிகளைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் உணவகக் குசினிகளில் நின்று சமைத்தவர். பக்கவாதம் வந்தபிறகு சக்கர நாற்காலிதான். தாதியாக வேலை செய்யும் மகள் தர்சினி, தாய் தகப்பனை முதல்முறையாக ஒரு விடுமுறைக்கு அனுப்புகிறாள். இந்து சமுத்திரத்துத் தீவொன்றில், செங்குத்துப் பாறைச் சரிவில் கட்டிய ஆடம்பர ஹோட்டல். அவர்களுடைய இணையத்தளத்தில் ‘பாரியரஃப்ரை’ என்று ஜேர்மன் மொழியில் போட்டிருந்தது. சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை நம்பி புக்கிங் போட்டுவிட்டேன்.

அங்கே தங்கிய யாரோ போட்ட படமொன்று அன்றுதான் கண்ணில் பட்டது. படம் முழுக்கப் படிகள்.

உடனே ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். வரவேற்பில் இருந்தவர் இனிமையாகத்தான் பதில் சொன்னார். வரவேற்புக்கூடத்துக்கும் உணவகத்துக்கும் நாற்காலி வருமாம். அறைகளுக்கு மட்டும் தொண்ணூற்றாறு படி இறங்க வேண்டுமாம்.

முதலாளி சிவா அண்ணையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

“முதல்ல அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, வசந்தி. ஒளிச்சு வச்சுக்கொண்டு வழி தேட ஏலாது.”

சொன்னேன். “அக்கா, அப்பா போன கிழமையே பெட்டி அடுக்கிப்போட்டார். அவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?” என்றாள் தர்சினி.

“பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ பிள்ளை. ஒண்டும் சரிவராட்டி நானே வந்து அப்பாவிட்டச் சொல்லுறன்.”

அந்தத் தீவில் நாற்காலி போகக்கூடிய மற்ற ஹோட்டல்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இருந்தபோது ஒன்று தோன்றியது. அத்தனை அறைகளின் படுக்கை விரிப்புகளையும் ஈரத் துவாய்களையும் ஒவ்வொரு நாளும் யார் படியால் தூக்குகிறார்கள்?

திரும்பவும் போன் எடுத்து, அறைகளைத் துப்புரவு செய்பவர்களின் பொறுப்பாளரைக் கேட்டேன். ஒரு பெண் வந்தார். என் கேள்விக்குச் சிரித்தார். குசினிக்குப் பின்னால் சரிவுப் பாதை இருக்கிறதாம். துணி ஏற்றும் பேட்டரி வண்டி அதால் இரண்டாவது வரிசை அறைகள் வரைக்கும் போகுமாம். பார்க்க அழகில்லை என்று விருந்தினருக்குக் காட்டுவதில்லையாம்.

வீடியோவில் அந்தப் பாதை முழுக்க நடந்து காட்டினார். தையல் அறையிலிருந்து அளவு நாடா எடுத்துவந்து கதவுகளை அளந்தார். குளியலறைக் கதவு எழுபது சென்டிமீட்டர். அண்ணையின் நாற்காலி அறுபத்தாறு. அறை மாற்றித் தருவதாகவும் வண்டி தருவதாகவும் மனேஜரின் மின்னஞ்சல் வந்த பிறகுதான் தர்சினியை அழைத்தேன்.

“அப்பா போகலாம்தானே? ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா.”

“ஓம் பிள்ளை. ஓம்.”

திங்கட்கிழமை யோகன் அண்ணையின் குரல் பதிவு வந்தது. “தங்கச்சி, துணி வண்டியில ராசா மாதிரிப் போய்வாறன். கீழ கடல் இரையுது. மனிசி பல்கனியை விட்டு உள்ள வாறாவே இல்லை.”

பின்னறையில் கடதாசிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து அதை மூன்று தரம் கேட்டேன்.

வசதி இருக்கிறதா என்று கேட்டால் எந்த ஹோட்டலும் இருக்கிறது என்றுதான் சொல்லும். கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அதையும் அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் துடைப்பவரிடம் கேளுங்கள்.