மிஸ் வினெட்டின் மீன் டீ

என் சித்தி வினெட் ஈபாங்க்ஸ் நெக்ரில் என்ற சுற்றுலா ஊரில், ஒரு பெரிய ஹோட்டலில் பல வருடம் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தாள். துண்டை அன்னப்பறவை போல மடித்துக் கட்டில் மேல் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த அன்னத்தைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்காது. "அது கழுத்தை நிமித்தி வைக்கிறதுக்குள்ள என் கழுத்து போயிடுது" என்பாள்.

போன மழைக்காலத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். எங்கள் கடற்கரையில், படகுகளை இழுத்துப் போடும் இடத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்தாள். பின்னால் விருந்தாளிகளுக்காக மூன்று அறைகள் கட்டினாள். ஹோட்டலில் வெறும் வினெட்டாக இருந்தவளை ஊர் 'மிஸ் வினெட்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அறைகளுக்கு யாரும் வரவில்லை. ஹோட்டல் மேற்பார்வையாளர் போன் செய்து, "இந்த மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்தைப் பிடிச்சு வெக்கிறேன் வினெட், அதுக்கு மேல முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து மார்கிட் என்ற அம்மாள் மின்னஞ்சல் அனுப்பினார். சாப்பாட்டைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். மூன்று மாணவர்களோடு வந்து தங்கிப் பார்ப்பாராம். பிடித்திருந்தால் ஒவ்வொரு குளிர்காலமும் நான்கு நான்கு பேராகப் பன்னிரண்டு பேரை அழைத்து வருவாராம். பிடிக்காவிட்டால் சித்திக்கு மறுபடியும் நெக்ரில்தான்.

திட்டம் போட சித்தி, நான், மீன் பிடிக்கும் ரஸ்டி மூவரும் கடைப் பலகையில் உட்கார்ந்தோம். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் எழுதும் வேலை என்னுடையது. முதல் நாள் வறுத்த மீனும் மரவள்ளி ரொட்டியும். அடுத்த நாள் ஆட்டுக்கறி. இதில் சண்டை வரவில்லை. எதைப் படம் எடுக்கச் சொல்வது என்பதில்தான் வந்தது.

"என்னை எடுக்கச் சொல்லு. இந்தக் கரையில அழகா இருக்கிறது நான் ஒருத்தன்தான்" என்றார் ரஸ்டி.

"உன்னை எடுத்தா கேமரா கோவிச்சுக்கிட்டுக் கனடாவுக்குத் திரும்பிப் போயிடும்" என்றாள் சித்தி.

மின்னஞ்சலின் அடியில் மார்கிட் இன்னொன்றும் கேட்டிருந்தார். விடியும் வெளிச்சத்தில் படகுகளை எடுக்க வேண்டும். அதற்கு முன் கரையிலேயே எல்லோருக்கும் டீ கிடைத்தால் நல்லது.

சித்தி நெற்றியைச் சுருக்கினாள். "என்ன டீன்னு எழுதலையே?"

"அதானே! காபி டீயா, மைலோ டீயா, சாக்லேட் டீயா? ஆளு சரியா சொல்ல வேண்டாமா?" என்றார் ரஸ்டி.

நான் கேட்டு எழுதினேன். 'உங்கள் ஊரில் எது வழக்கமோ அதுவே போதும்' என்று பதில் வந்தது.

சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "மரியாதை தெரிஞ்ச பொம்பள! அப்போ மீன் டீதான். ரஸ்டி, எனக்கு ஸ்னாப்பர் மீன் வேணும், தலையோட. நேத்துப் பிடிச்சதைக் கொண்டு வந்தே, உன்னையே சட்டில போட்டுருவேன்."

எங்கள் மூவரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் மீன் சூப்பானாலும் சரி, சூடாகக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதெல்லாம் டீ. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வந்தார்கள். முதல் நாள் சித்தி மீனை வறுத்துச் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு மாற்றினாள். யாரும் தொடவில்லை. ஒருவர் வெள்ளை அட்டையைப் பிடித்தார், ஒருவர் நாற்காலி மேல் ஏறினார், மார்கிட் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. வெளிச்சம் சரியா விழட்டும்."

"வெளிச்சத்தையா திங்கப் போறாங்க?" என்று சித்தி அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். மீன் ஆறி விறைத்துப்போனது. அன்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டது எத்தனை தடவை என்று அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே கூஜா நிறைய மீன் டீயோடு கரையில் நின்றாள். கனடாக்காரர்கள் கேமரா முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டாவி விட்டபடி வந்தார்கள். மேசையில் எப்போதும் இருக்கும் சர்க்கரையும் டின் பாலும் அன்றும் இருந்தன. கார்டன் என்ற பெரிய உடம்புக்காரர் தன் கோப்பையில் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, நன்றாகக் கலக்கி, ஒரே மடக்கில் பாதியை விழுங்கினார்.

பிறகு அவர் போட்ட சத்தத்தில் படகுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

எங்கள் மிளகாய் அப்படி. மற்றவர்களும் அதற்குள் குடித்துவிட்டார்கள். நான்கு பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மார்கிட் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல வாழைக்காய் கிடக்கு!"

"கிடக்கும். சௌசௌ கூட இருக்கு, நல்லா பாருங்க" என்றாள் சித்தி.

"இது டீயா?"

"மீன் டீ."

கார்டன் இருமிக்கொண்டே, "எனக்கு சாதா டீ கிடைக்குமா?" என்றார்.

"ஏன் கிடைக்காது? இஞ்சி டீ? சாக்லேட் டீ? செரசி இலை டீ? கசக்கும், ஆனா வயித்தைக் கழுவி விட்டுடும்."

"ஒண்ணும் போடாம, வெறும் டீ."

சித்தி உண்மையாகவே யோசித்தாள். "வெறும்னா... வெந்நீரா?"

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் சூரியன் குன்றுக்கு மேலே ஏறிவிட்டது. படகுகள் மேல் விழுந்த செம்மஞ்சள் வெளிச்சம் வெளுத்துப்போனது. யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மார்கிட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த வெளிச்சத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், மிஸ் வினெட். போச்சு."

சித்தி மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கார்டனின் கோப்பை அவள் கண்ணில் பட்டது.

"மீன் டீல பால் ஊத்தினது யாரு?"

கார்டன் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். "இங்க பாருங்கம்மா! சூரியன் நாளைக்கும் அதே குன்று மேலதான் வரும். இந்த ஸ்னாப்பர் வராது. நேத்து என் மீனை ஆற வெச்சீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்கு என்னால முடியாது. அந்தப் பெட்டியக் கீழ வெச்சிட்டு, ஆறதுக்குள்ள குடிங்க!"

ரஸ்டி என் காதில், "முடிஞ்சுது. நெக்ரில் வண்டி எப்போன்னு கேட்டு வெச்சுக்கோ" என்றார்.

மார்கிட் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பலகை மேல் வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். நிறுத்தினார், மூச்சு விட்டார், மறுபடி குடித்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. யாரும் சொல்லாமலே கோப்பையைக் கூஜாவின் பக்கம் நீட்டினார்.

"எனக்கு எப்பவும் படம் முடிஞ்சப்புறம்தான் சாப்பாடு. சூடா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுன்னே நினைவில்ல" என்றார்.

"அதான் முகத்துலயே தெரியுதே" என்றாள் சித்தி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மார்கிட் சிரிக்கும் சத்தம் கேட்டதும்தான் திறந்தேன். கார்டன் தன் கோப்பையை மணலில் கவிழ்த்துவிட்டு, பால் இல்லாமல் புதிதாக ஒன்று கேட்டார்.

கிளம்பும் நாளில் மார்கிட் ஜனவரிக்குப் பன்னிரண்டு பேர் என்று உறுதியாகச் சொன்னார். காலையில் டீ குடித்து முடிக்கும்வரை யாரும் கேமராவைத் தொடக் கூடாது என்பதையும் திட்டத்தில் எழுதச் சொன்னார். சாதா டீக்குத் தூள் அவர்களே கொண்டுவருவார்களாம்.

அவர்கள் வண்டி முனை திரும்பி மறைந்ததும் சித்தி ஹோட்டலுக்குப் போன் போட்டாள்.

"என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க மேடம்... இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு... ஊரார் படுத்து எழுந்த மெத்தைய விரிச்சது போதும்னு தோணிச்சு, அதான்."

போனை வைத்துவிட்டு, புது விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடியபடி மூன்று அறைகளுக்கும் படுக்கை விரிக்கப் போனாள்.